ஊரடங்கில் மகளோடு போன மாலை நடை நின்றுவிட்டது. மறுபடி தொடங்குவது எப்படி?

பொழுதுசாய (கேள்வி)

வணக்கம். 2020-இல் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்து, வீட்டுப் பக்கத்தில் நடக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து நானும் என் மகளும் தினமும் மாலையில் நடந்தோம். அவளுக்கு அப்போது 7 வயது. பள்ளி மூடியிருந்தது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மூன்று தெரு, பூட்டிக் கிடந்த விளையாட்டுத் திடல், திரும்ப வீடு. தனியாகப் போனால் பதினைந்து நிமிடம் ஆகும். அவளோடு போனால் முக்கால் மணி நேரம்.

ஒரு மதில் விரிசலில் எறும்பு வரிசை போகும். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்க்காமல் நகரமாட்டாள். முதல் சில நாள் கையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அவசரமாகப் போய்ச் சேர எங்களுக்கு எந்த இடமும் இல்லை.

அந்த டிசம்பரில் வானத்தில் வியாழன், சனி என்ற இரண்டு கோள்களும் ஒன்றையொன்று நெருங்கியது நினைவிருக்கும். பொழுது சாய்ந்ததும் மேற்கே தாழ்வாகத் தெரியும். மாதத் தொடக்கத்தில் அவள் கையை நீட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே இரண்டு சுண்டுவிரல் நுழைந்தது. பத்து நாள் கழித்து ஒரு விரல். அப்புறம் அரை விரல். 21-ஆம் தேதி ஒற்றை விரலுக்குப் பின்னால் இரண்டும் சேர்ந்தே மறைந்தன. 1623-க்குப் பிறகு இவ்வளவு நெருங்கியது அன்றுதான், இனி 2080-இல் என்று சொன்னேன். "அப்போ எனக்கு 67 வயசு" என்றாள். தினமும் விரல் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள்.

அந்த வருடத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அண்ணன் அந்த வருடம்தான் தொற்றில் போனார். கடைசியாக முகம் பார்க்கப் போக முடியவில்லை. வீட்டில் பல நாள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், ஒருநாள் நடக்கும்போது எறும்பைப் பார்த்தபடியே, "பெரியப்பாவுக்குப் பயமா இருந்திருக்குமாப்பா?" என்று கேட்டாள். நான் அழுதேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் என் விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

பள்ளி திறந்தது, அலுவலகம் அழைத்தது, நடை நின்றது. நிறுத்துவோம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. இப்போது அவளுக்கு 12. போன வாரம் அலமாரியை ஒழுங்கு செய்யும்போது அந்த நோட்டு கிடைத்தது. "ஏம்ப்பா 21-ஆம் தேதியோட நிக்குது?" என்றாள். நடக்கப் போகலாமா என்று கேட்டேன். "எங்கே?" "சும்மா." "சும்மா எதுக்கு?" என்று அறைக்குள் போய்விட்டாள்.

இந்த வயதில் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிவதே இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு இப்படி நடப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

இரட்டையர் அம்மா

படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது அண்ணா. என் மகன்களுக்கு 14. நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஒரே வாரத்தில் இருவரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். அவளே பேசட்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

"சும்மா எதுக்கு" என்பது நியாயமான கேள்விதான். ஸ்பெயினில் ஆறு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளைகளை 2020 ஏப்ரல் 26 அன்றுதான் வெளியே விட்டார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்கள், கூட ஒரு பெரியவர், ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டருக்குள். அளந்து கொடுத்ததால் அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரிந்தது. நான் அதையே விளையாட்டாக்கினேன். வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டோம். அதற்குள் நாங்கள் கால் வைக்காத தெரு எத்தனை என்று எண்ணினால் 19 இருந்தது! எந்தத் தெரு என்று முடிவு செய்வது பிள்ளைகள்தான். பின்னால் போவது மட்டும் என் வேலை.

காதுகொடு

அந்த நாட்களில் பறவைகள் உரக்கப் பாடின என்று எல்லோரும் சொன்னோம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குருவி இனத்தின் 2020 வசந்தகாலப் பாட்டை முந்தைய ஆண்டுகளின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அவை சத்தத்தைக் குறைத்துத்தான் பாடியிருக்கின்றன. வண்டிச் சத்தம் 1950-களின் அளவுக்கு இறங்கிவிட்டதால் கத்த வேண்டிய தேவை இல்லை, மெல்லிய குரலே வெகுதூரம் போயிருக்கிறது. பெரியப்பாவைப் பற்றி உங்கள் மகள் கேட்ட கேள்வியும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. விடுமுறை நாளில் விடியற்காலையில் கூட்டிப் போய்ப் பாருங்கள். தெரு ஓரளவுக்காவது அப்படி இருக்கும்.

ஜன்னலோரம்

எனக்கு 71 வயது. அந்த நடை எங்களுக்குக் கிடைக்கவில்லை. கணவருக்கு நுரையீரல் கோளாறு, எட்டு மாதம் வாசல் தாண்டவில்லை. எதிர்த் தெருவில் ஒரு குழந்தை தன் அப்பாவோடு தினமும் போகும். எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டும். அது வரும் நேரத்துக்கு இவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார். இப்போது அவர் இல்லை. அந்தக் குழந்தையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் போகும் வழியில் யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால் மகளை ஒரு கையாட்டச் சொல்லுங்கள் தம்பி.

பொழுதுசாய

எல்லோருக்கும் நன்றி. ஜன்னலோரம் அம்மா, உங்கள் பதிலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, இரட்டையர் அம்மா சொன்னபடி வட்டம் போட்ட வரைபடத்தை அவளே எடுத்துவந்து, "இந்தத் தெரு" என்றாள். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாடியில் வயதான ஒருவர் நின்றிருந்தார். அவள் கை தானாக உயர்ந்தது. அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, இரண்டு கையையும் ஆட்டினார்.

திரும்பும்போது, புதுப்பள்ளியில் தன்னோடு யாரும் உட்காருவதில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மூன்று தெரு தள்ளி வீடு. சுற்றிக்கொண்டு ஆறு தெரு நடந்தோம்.

இரவு அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். 21-ஆம் தேதிக்குக் கீழே இன்றைய தேதி போட்டிருந்தாள். "மேகம். ஒண்ணும் தெரியலை. நாளைக்குப் பார்க்கணும்."