மரச்சட்டக் கட்டடங்களின் அட்டிக்கில் நீங்கள் கண்டது என்ன? தீத்தடுப்பு குறித்த அனுபவப் பகிர்வு

மேல்மாடிவாசி:
மூன்று மாடி, முழுக்க மரச்சட்டம், டைப் ஃபைவ் கட்டுமானம். அதாவது சுவர், தளம், கூரை எல்லாமே எரியக்கூடிய மரத்தால் அமையலாம் என்று விதி அனுமதிக்கும் வகை. கேபிள் பதிக்க வந்தவருக்கு வழிகாட்டுவதற்காக நானும் அட்டிக்கில், அதாவது உட்கூரைக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் ஏறினேன். எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பிரிக்கும் சுவருக்கு நேர்மேலே, அட்டிக்கில் தீ பரவாமலிருக்க நிற்கும் ஜிப்சம் தடுப்பில், ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குச் செவ்வகமாக வெட்டியிருந்தார்கள். அவர் டார்ச்சை அதற்குள் நீட்டியபோது அடுத்த தடுப்பிலும், அதற்கடுத்ததிலும் அதே இடத்தில் அதே அளவில் வெட்டு தெரிந்தது; வெளிச்சம் கட்டடத்தின் மறுகோடிச் சுவரில் போய் விழுந்தது. நிர்வாகத்துக்கு எழுதினேன். "கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் இருப்பதால் அந்தத் தடுப்புகளே தேவையில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. (ஸ்பிரிங்க்ளர் என்பது தீயின் சூட்டில் தானே திறந்து நீர் தெளிக்கும் அமைப்பு.) அது சரியா என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

குழாய்வரை:
பெரும்பாலும் சரியல்ல. ஸ்பிரிங்க்ளர் அமைப்பு வரைவதே என் தொழில். எந்த ஸ்பிரிங்க்ளர் என்று கேட்காமல் இந்தப் பதிலை யாரும் சொல்லக் கூடாது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 13 என்ற தரப்படி கட்டடம் முழுவதும் பொருத்தியிருந்தால், சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பான ஐ.பி.சி. அட்டிக் தடுப்புகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் நான்கு மாடி வரையிலான குடியிருப்புகளில் வழக்கமாகப் பின்பற்றப்படும் அதே சங்கத்தின் 13ஆர் என்ற இன்னொரு தரம், வசிக்கவோ பொருள் வைக்கவோ பயன்படாத அட்டிக்கில் பொதுவாக ஸ்பிரிங்க்ளர் கேட்பதில்லை. அங்கே தடுப்பு வைக்காமலிருக்க வேண்டுமானால், தடுப்பில்லாத அந்த மறைவெளியிலேயே (கூரை, சுவர் ஆகியவற்றுக்குள் கண்ணில் படாத வெற்றிடம்) ஸ்பிரிங்க்ளர் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒரு பகுதி 3,000 சதுர அடிக்கு மிகாமலோ, இரண்டு வீடுகளுக்கு மிகாமலோ, இவற்றில் எது சிறியதோ அந்த அளவில் அட்டிக்கைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஒருமுறை ஒரு கட்டடத்தின் பழைய வரைபடத்தைச் சரிபார்க்கச் சென்றபோது, முதல் தாளில் 13 என்றும் உள்தாள்களில் 13ஆர் என்றும் இருந்தது. அட்டிக்கில் ஏறிப் பார்த்தால் குழாயும் இல்லை, தடுப்பும் இல்லை. முதல் தாளை மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுத்த அந்தக் கையெழுத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தன்னார்வத் தீயணைப்பாளர்:
குழாய்வரை அவர்களின் விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் 13ஆர் என்றாலே அரைகுறை என்ற தொனியை நான் ஏற்கவில்லை. அது மக்கள் உயிரோடு வெளியேறுவதற்காக எழுதப்பட்ட தரம், கட்டடத்தைக் காப்பாற்றுவதற்காக அன்று. நியூ ஜெர்சியின் எட்ஜ்வாட்டரில் 2015 ஜனவரி 21 அன்று, குழாய் பழுதுபார்த்தவர்களின் டார்ச்சிலிருந்து சுவருக்குள் பற்றிய தீ மறைவெளிகள் வழியே பரவி, இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. ஆயினும் ஒருவரும் இறக்கவில்லை.

நான் சென்ற அழைப்பில், தீ வீட்டுக்குள் தொடங்கவே இல்லை. பால்கனிக்குக் கீழே பற்றியது வினைல் உறை போர்த்திய வெளிச்சுவரோடு ஏறி, கூரை ஓரத்தின் காற்றுத்துளைகள் வழியே அட்டிக்குள் புகுந்துவிட்டது. மேல்மாடி வீட்டில் புகையே இல்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஸ்பிரிங்க்ளர் எதுவும் திறக்கவில்லை. கொக்கித் தடியால் உட்கூரையை ஓரிடத்தில் இழுத்தோம். மேலே முழு நீளத்துக்கும் செந்தழல். உடனே எல்லோரையும் வெளியேறச் சொன்னார் எங்கள் தலைவர். மெல்லிய மரங்களை ஆணித்தகட்டால் இணைத்த டிரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம் அது. தகட்டின் பற்கள் மரத்துக்குள் போவது ஏறக்குறைய எட்டில் மூன்று அங்குலம்தான். அந்த ஆழத்துக்கு மரம் கரியாகிவிட்டால் பிடிப்பே கிடையாது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
என் அனுபவம் சிறியது. வீடு வாங்கவிருந்த ஒருவர் அழைத்ததால் போய்ப் பார்த்தேன். கேரேஜ் உட்கூரையில் மடிப்பு ஏணி, அதன் கதவு மெல்லிய பிளைவுட். கார் நிற்கும் இடத்துக்கும் அட்டிக்குக்கும் நடுவே அது ஒன்றுதான் இருந்தது.

மேல்மாடிவாசி அவர்கள் இதைக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், தனிவீடு வைத்திருப்பவர்களும் படிப்பார்கள். கேரேஜையும் அட்டிக்கையும் பிரிக்க அரை அங்குல ஜிப்சம் பலகையாவது வேண்டும். கேரேஜுக்கு மேலே அறை இருந்தால் தீயை அதிகம் தாங்கும் டைப் எக்ஸ் என்ற ஜிப்சம் பலகை, 5/8 அங்குலத்தில். ஏணி வைத்தால் அந்தக் காப்பைக் குறைக்காத வகையைத்தான் வைக்க வேண்டும். துணி உலர்த்தியின் குழாயை அட்டிக்கில் விட்டுவிடாதீர்கள், அது கட்டடத்துக்கு வெளியே போய்த் திறக்க வேண்டும். பஞ்சுத்தூசி அங்கே சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதியில் இருந்தால் காற்றுத்துளைகளின் வலைக்கண்ணை அளந்து பாருங்கள்; பழைய கால்அங்குல வலை தீப்பொறியை உள்ளே விட்டுவிடும், எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இன்னொன்று, உட்கூரையில் பதித்த விளக்குகள். வெப்பக்காப்புப் பஞ்சு தொடலாம் என்ற சான்று இல்லாத விளக்கின் மேல் பஞ்சைக் கொட்டி மூடியிருப்பதை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். மேல்மாடிவாசி சொன்ன அட்டிக் தடுப்பில் வழி வேண்டுமென்றால் வெட்டிவிட்டுப் போகக் கூடாது. தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு போட வேண்டும் என்று விதியே சொல்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பு, உங்கள் ஊர் விதித்தொகுப்பின் எந்த ஆண்டுப் பதிப்பை ஏற்றிருக்கிறது என்று கேளுங்கள். பல மாநிலங்கள் திருத்தங்களோடுதான் ஏற்கின்றன.

வரிசைவீட்டுக்காரர்:
ஆய்வாளர் ஐயா, கேரேஜைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் கூரைப்பலகையை விட்டுவிட்டீர்கள். வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு தீ பரவாமல் தடுக்கும் தீச்சுவர் கூரைக்கு மேலே எழும்பாமல் நிற்க வேண்டுமானால், சுவரின் இரு பக்கமும் நான்கடி அகலத்துக்குத் தீத்தடுப்பு மருந்தேற்றிய பலகை அல்லது அதற்கு ஈடான காப்பு வேண்டும். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு எங்கள் கூரையை மாற்றினார்கள். கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்ட பலகைகளில் தீத்தடுப்பு முத்திரை இருந்தது. மேலே அடித்துக்கொண்டிருந்த புதிய பலகைகளில் இல்லை. இரண்டையும் காட்டிக் கேட்டபோது, "ஓடு போட்டால் தெரியாது" என்றார் பணியாளர்.

அவரோடு வாதாடவில்லை. முத்திரையைப் படம் எடுத்து நகராட்சிக் கட்டட அலுவலகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் வந்து பணியை நிறுத்தினார்கள். தீச்சுவரை ஒட்டிய பலகைகள் மட்டும் மாற்றப்பட்டன. மேல்மாடிவாசி அவர்களே, நீங்களும் நிர்வாகத்தோடு கடிதம் பரிமாறுவதை விட்டுவிட்டு, வெட்டுகளின் படங்களைத் தீ விதி அலுவலருக்கு அனுப்புங்கள். கூடவே, கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் 13 தரமா, 13ஆர் தரமா என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.