தலைமையாசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன், அலவன்ஸ் வரவில்லை

பினாங்கு டீச்சர்:
வணக்கம். மலேசியாவில், பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நிர்வாகத் துணைத் தலைமையாசிரியராக இருக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் பணி ஓய்வு பெற்றுப் போனார். "புதியவர் வரும்வரை பள்ளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். என் பழைய வேலையும் வகுப்பும் குறையவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், பள்ளிக் கணக்கு, கூரை பழுது எல்லாம் என் கையெழுத்தில்தான் நடக்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும் எதுவும் ஏறவில்லை. யாரிடம் கேட்பது?

கோலாலம்பூர் சார்:
கடிதம் கொடுத்தார்களா டீச்சர்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
சார் கேட்டதுதான் முக்கியம். பதவி உயர்வை முன்னிட்டு ஒருவரை அந்த இடத்தில் அமர்த்துவதற்கு மலாயில் மெமாங்கு என்று பெயர். சொந்த வேலையை விடாமல் காலியான பதவியையும் சுமப்பது தங்கோங் கெர்ஜா. டீச்சருடையது இரண்டாவது. அதற்கு அலவன்ஸ் கிடைக்க எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். தொடர்ந்து 28 நாளாவது பொறுப்பில் இருக்கவும் வேண்டும். தொகை, சுமக்கும் பதவியின் தொடக்கச் சம்பளத்தில் 25 விழுக்காடு. உங்கள் சம்பளத்தை வைத்துக் கணக்கு இல்லை. அந்தத் தொடக்கச் சம்பளம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,250 வெள்ளி. சின்னத் தொகையா?

2024 டிசம்பர் முதல் ஆசிரியர் பதவிகளின் கிரேடு எண்கள் மாறிவிட்டன: டிஜி48 இப்போது டிஜி12, டிஜி52 இப்போது டிஜி13. விண்ணப்பப் பாரத்தில் புதிய எண்ணைப் போடுங்கள்.

150 மாணவர்கூட இல்லாத நம் சிறிய பள்ளிகளில் இது அடிக்கடி நடக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். உழைப்புக்கு அரசாங்கமே வைத்த பணம் அம்மா, தைரியமாகக் கேளுங்கள்.

பினாங்கு டீச்சர்:
நன்றி ஐயா. கடிதம் இல்லை, வாட்ஸாப்பில் வந்த செய்திதான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
அழித்துவிடாதீர்கள். அச்செடுத்து, பொறுப்பேற்ற நாளிலிருந்து நீங்கள் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்புகளோடு இணைத்து, உத்தரவுக் கடிதம் கேட்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள். பொறுப்பேற்ற தேதி கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். போனில் கேட்டால் போனிலேயே போய்விடும். உங்கள் நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கெராணி (எழுத்தர்):
டீச்சர், உத்தரவு வந்ததும் ஒரு நகலை உங்கள் சேவைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், புதிய தலைமையாசிரியர் வந்து பொறுப்பேற்கும் நாளையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டும் கையில் இருந்தால் சம்பளப் பிரிவில் கணக்குப் போடுவது சுலபம்.

பினாங்கு டீச்சர்:
சரி அக்கா, இன்றைக்கே எழுதுகிறேன். பணம் ஏறியதும் இங்கே சொல்கிறேன்.