மறு: டாப் டெட் சென்டருக்கு ஒரு சொல் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

இன்ஜினில் பிஸ்டன் மேலே ஏறி, நின்று, திரும்பும் இடம்தான் டாப் டெட் சென்டர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மேல் இறந்த மையம், மேல்நிலைப் புள்ளி, உச்சி. முதலாவதைப் பட்டறையில் போய்ச் சொன்னால் யார் வீட்டில் காரியம் என்று கேட்பார்கள். இரண்டாவதில் தப்பில்லை, ஆனால் அது வரைபடத்தாளில் இருக்கவேண்டிய சொல், ஸ்பானர் பிடித்த கைக்கு நீளம். என் ஓட்டு 'உச்சி'க்கு. எதிர்ச்சொல்லாக 'அடி' தானாகவே கிடைத்துவிடுகிறது, ஆக டாப்பும் பாட்டமும் முடிந்தது.

ஆனால் நான் எழுத வந்தது இதற்கில்லை. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினில் உச்சி ஒன்றல்ல, இரண்டு. நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் குறிக்கப் பார்க்கிறோம். அதனால் என்ன கேடு என்பதற்கு இதே இழையில் கேட்ட நண்பரின் வண்டியே சாட்சி:

> பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350, பாயிண்ட் மாடல். போர் பண்ணி, பிஸ்டன் ரிங் புதுசு, வால்வு கிரைண்டிங்கும் ஆச்சு. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, பிளக்கில் பொறி வருகிறது, பிளக் பெட்ரோலில் நனைந்தும் இருக்கிறது. எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. சில சமயம் கார்பரேட்டர் வழியே 'பொட்' என்கிறது.

அழுத்தம், பொறி, பெட்ரோல் மூன்றும் இருக்கிறது, வண்டி மட்டும் ஓடாது. அப்படியானால் மிச்சம் இருப்பது பொறி எப்போது வருகிறது என்பதுதான். பிளக்கைக் கழற்றி ஹெட்மேல் வைத்து உதைத்துப் பார்க்கும் சோதனை, பொறி வருகிறதா என்று மட்டும்தான் சொல்லும். நேரத்துக்கு வருகிறதா என்று அதனால் சொல்ல முடியாது.

பிஸ்டனோடு இணைந்து சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஒரு சுற்று. அந்த இரண்டு சுற்றில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை இரண்டு வால்வும் மூடி, கலவை அமுங்கி, பொறிக்குக் காத்திருக்கிறது. அடுத்த முறை எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அப்போது எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்கு முன்பே இன்லெட் திறக்கத் தொடங்கிவிடும். பிஸ்டனைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிராங்கில் அடையாளம் போட்டு வைத்தாலும் பிரயோசனமில்லை, அந்த அடையாளம் இரண்டு உச்சியிலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். வித்தியாசம் தெரிந்தது கேமுக்கு மட்டும்.

இனி புல்லட்டுக்கு வருவோம். இந்த மாடலில் பாயிண்ட்டை, அதாவது திறக்கும்போது பொறியை வரவழைக்கும் சுவிட்சை, திறக்கும் கேமும் இன்ஜின் வேகத்தில் பாதிதான் சுற்றும், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அந்தக் கேமோடு சேர்ந்த ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியை முன்னால் தள்ளும் பகுதி) தண்டின் டேப்பரில், அதாவது கூம்பிய முனையில், உட்காருகிறது, அங்கே கோணத்தைப் பூட்டும் கீ எதுவும் கிடையாது, எந்தக் கோணத்திலும் உட்காரும், நடுவில் ஒரு போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். 'டாப்புல வச்சு டைமிங் செட் பண்ணு' என்று சொன்னால், கேட்டவர் எந்த டாப்பில் வைத்தார்? தவறான உச்சியில் வைத்து, மேனுவலில் சொன்னபடி உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கும்படி அழகாக அமைத்திருந்தாலும், பொறி புகை போகும் நேரத்தில்தான் வரும். இன்லெட் திறந்திருப்பதால் அந்தச் சின்ன எரிப்பு கார்பரேட்டர் பக்கம் 'பொட்' என்கிறது. உதைப்பவரின் காலைக் கிக்கர் திருப்பி அடித்தால் அது வேறு கதை, அங்கே உச்சி சரி, பொறிதான் ரொம்பச் சீக்கிரம் வருகிறது.

சரிபார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். பக்கத்தில் ஒற்றை நட் போட்ட டேப்பட் மூடி இருக்கிறதே, அதைக் கழற்றுங்கள். பிளக்கையும் எடுத்துவிட்டு, துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். விரலைக் காற்று தள்ளிக்கொண்டு வருகிறதா, அதன் முடிவில் வருவதுதான் நமக்கு வேண்டிய உச்சி. அங்கே இரண்டு புஷ்ராடும் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பிகள்) விரலால் உருட்டினால் லேசாகச் சுற்ற வேண்டும். இன்னொரு உச்சியில் ஒன்று தளரும்போதே மற்றது இறுகிக்கொண்டிருக்கும். சரியான உச்சியிலும் ராட் சுற்றவில்லை என்றால் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள்: வால்வு கிரைண்டிங் செய்தால் வால்வு சீட்டில் சற்று ஆழமாக உட்காரும், அதன் தண்டு முனை மேலே வரும், இருந்த இடைவெளியும் போய் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இது இருக்காது என்று நினைக்கிறேன். டேப்பர் போல்ட்டைத் தளர்த்தி, பாயிண்ட் கேமை அரைச் சுற்று திருப்பி, மறுபடி டைமிங் பாருங்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

முதல் உச்சிக்கு 'வெடி உச்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன வண்டியில் பொறி வருவது மற்ற உச்சியில். அதைத்தான் வெடி உச்சி என்று எடுத்துக்கொண்டால் பழுதே இலக்கணமாகிவிடும். தவிர, கிராங்கோடு சுற்றும் ஃபிளைவீல் மேக்னெட்டோவில், பொறிக்குச் சைகை தரும் பிக்அப் காயில் வைத்த நூறு சிசி வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி, அதாவது இரண்டு உச்சியிலும் பொறி வருகிறது, ஒன்று வேலை செய்கிறது, மற்றது சும்மா போகிறது. (அந்தச் சும்மா பொறிக்கு 'வீண்பொறி' என்று போடலாம். அந்த வண்டிகளில் நம் நண்பரின் கோளாறு வரவே வழியில்லை.) அதனால் பொறியை வைத்துப் பெயர் வைக்க வேண்டாம். அமுக்க வீச்சின் முடிவு என்பதால் 'அமுக்க உச்சி' என்பதே நிற்கும். 'கம்ப்ரஷன் டாப்' என்று மெக்கானிக்குகள் சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவதுக்கு வந்த 'வெற்று உச்சி' எனக்கு ஒப்பவில்லை. அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. நடப்பதோ ஒரு வால்விடமிருந்து இன்னொரு வால்வு பொறுப்பை வாங்கிக்கொள்ளும் வேலை. ஆகவே 'கைமாற்று உச்சி'. 'வெளியேற்ற உச்சி' என்றாலும் சண்டை போடமாட்டேன், பாடநூலுக்கு அது பொருந்தும், வீச்சின் பெயரோடு ஒத்துப்போகும்.

கோளாறுக்கும் ஒரு பெயர் வேண்டும். 'நூற்றெண்பது டிகிரி அவுட்' என்பதில் பெரிய தொல்லை, பாயிண்ட் கேமில் 180 என்றால் கிராங்கில் 360, எந்தத் தண்டில் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லிப் புதிதாகக் கற்பவரைக் குழப்புகிறோம். நான் முன்வைப்பது 'உச்சிமாறாட்டம்'. ஆள்மாறாட்டம் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் இடத்தில் இன்னொருவர் அதே முகத்தோடு உட்கார்ந்திருப்பது. இங்கேயும் அதேதான். கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் கியரில் பல் தள்ளிப் பூட்டிவிடுவதை இதில் சேர்க்காதீர்கள், அதில் வால்வுகளின் நேரமே மாறும், கம்ப்ரஷனும் கெடலாம். அதைப் 'பல் தள்ளல்' என்று, பட்டறைச் சொல்லையே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

'டைமிங்' என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பொறி, வால்வு இரண்டுக்கும் சேர்த்து அது வருகிறது, தனி இழை தொடங்கினால்தான் சரிப்படும். அப்புறம், புல்லட் நண்பரே, போல்ட்டை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை பாயிண்ட் திறக்கும் இடத்தைப் பாருங்கள், இறுக்கும்போது கேமும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும்.