புதுப்பிப்பு: கடலூர் ஜீப் வில்லிஸ் இல்லை, ஃபோர்டு!

கடலூரில் வாங்கிய பழைய ராணுவ ஜீப்பை 'வில்லிஸ் எம்பி' (வில்லிஸ் நிறுவனம் தயாரித்த இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்) என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். தவறு. அதைப் படித்துவிட்டு, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார், அவருக்குப் பெரிய நன்றி.

ஞாயிறன்று மஞ்சக்குப்பம் பட்டறையில் துருவைச் சுரண்டிப் பார்த்தோம். வில்லிஸில் அந்தச் சட்டம் உருண்டைக் குழாய். இதில் கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி இருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, ஒரு போல்ட் தலையில் குட்டியாக ஆங்கில 'எஃப்' எழுத்து தெரிந்தது. ஃபோர்டு தன் பாகங்களில் குத்திய முத்திரை அது! அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ் வடிவமைப்பிலேயே ஃபோர்டு தயாரித்த 'ஜிபிடபிள்யூ' ரக ஜீப் இது. எஞ்சின் அதே 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன்.

தரைத் தகடுதான் மோசம். அடியில் தாங்கும் பட்டைகளுக்குள் மரச்சட்டம் வைத்திருப்பார்கள்; அது ஈரத்தைக் குடித்து உளுத்து, தகட்டையும் அரித்துவிட்டது. கடலூர் உப்புக் காற்று வேறு. புதுத் தகடு வெட்டக் கொடுத்தாயிற்று.

அப்புறம், ஜீப்பின் 6 வோல்ட் மின் அமைப்பை 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொன்னவர்களுக்கு: மாற்றவில்லை. தடித்த கேபிள் போட்டு, எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்தோம். பழைய 6 வோல்ட்டிலேயே செல்ஃப் எடுக்கிறது. தரை முடிந்ததும் முதல் ஓட்டம் தேவனாம்பட்டினம் வரை.