தனியாகப் போனால் மட்டும் வரும் சத்தம்

ஏழு மாதமாக என் காரில் ஒரு சத்தம். 'டொக்... டொக்டொக்' என்று, யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல. நல்ல தார் ரோட்டில் வராது. ஒட்டுப்போட்ட ரோட்டில் 30, 40-இல் போனால் இடது பக்கத்திலிருந்து வரும்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "லிங்க் ராடு சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. லிங்க் ராடு என்பது சக்கரத்துப் பக்கம், அதிர்வு தாங்கும் பாகங்களோடு சேர்ந்திருக்கும் சின்னக் கம்பி; அதன் முனை தேய்ந்தாலும் சின்னப் பள்ளத்தில் இப்படித்தான் தட்டும். இரண்டு பக்கமும் மாற்றினார், 1,900 ரூபாய். இருவருமாக ஓட்டிப் பார்த்தோம், சத்தம் இல்லை. மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பி தெருமுனையைத் தாண்டவில்லை, 'டொக்'.

திரும்பவும் போனேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, குண்டும் குழியுமான ரோடாகத் தேடி ஓட்டினேன். மூச்! மனைவி ஏறினாலும் இதே கதை. "காருக்கு ஒண்ணுமில்ல, உங்க காதைக் காட்டுங்க" என்றாள்.

போன மாதம் 25 கிலோ அரிசி மூட்டையை முன் சீட்டில் வைத்தேன். எடையைப் பார்த்து ஆள் என்று நினைத்து பெல்ட் அலாரம் கத்த ஆரம்பித்தது. சரி போ என்று மூட்டைக்கே பெல்ட்டை மாட்டிவிட்டேன். வீடு வரை சத்தமே இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு பால் வாங்கக் கிளம்பினால், 'டொக்'. ஓட்டிக்கொண்டே கையை நீட்டி பக்கத்து சீட்டின் பெல்ட் கொக்கியைப் பிடித்தேன். நின்றுவிட்டது.

ஓரங்கட்டிப் பார்த்தேன். கொக்கி கீழே சரியாமல் இருக்க பெல்ட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டன் இருக்குமே, அது எப்போதோ விழுந்திருக்கிறது. கொக்கி அடிவரை இறங்கி, கதவோரத் தூணின் பிளாஸ்டிக்கில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல். ஆள் உட்கார்ந்தால் பெல்ட் போடுவார், போட்டால் சத்தம் இல்லை. இப்போதைக்கு சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அங்கே ஒட்டியிருக்கிறேன்.

* * *

அண்ணே, உங்க பதிவைப் படித்தேன். எனக்கு வந்தது வேற மாதிரி. 60-ஐத் தாண்டினால் 'ஙொய்ங்' என்று வண்டு ரீங்காரம். டயர்தான் என்று நினைத்து முன்பின் மாற்றிப் போட்டேன், அலைன்மென்ட் பார்த்தேன், போகவில்லை. ஒரு நாள் காலி ரோட்டில் ஓடும்போதே நியூட்ரலில் போட்டேன். இன்ஜின் அடங்கியது, ரீங்காரம் அடங்கவில்லை. அப்போ சக்கரத்தில்தான் ஏதோ. வலப்பக்க வளைவில் கூடியது, இடப்பக்க வளைவில் குறைந்தது. வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் சாயும். அதனால் இடது சக்கரம் சுழல உதவும் பேரிங் மேல் சந்தேகம் வந்தது.

எங்க ஊர் மெக்கானிக் ஜாக்கி ஏற்றினார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கை விரல்களைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்தார். "தொட்டுப் பாருங்க" என்றார். உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு நடுக்கம். வலது பக்கம் தொட்டால் அது இல்லை. பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ் வேலையோடு 2,400 ஆனது. கழற்றிய பேரிங் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, பேப்பர் வெயிட்டாக.

* * *

உங்கள் இருவருக்கும் செலவானது, எனக்குச் செலவே இல்லாமல் முடிந்தது. மண் ரோட்டில் போய்வந்த பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு 'க்ரீச்ச்'. பிரேக் டிஸ்குக்கும் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கும், ரிவர்ஸ் எடுத்துப் பாரு என்று மாமா போனிலேயே சொன்னார். ரிவர்ஸில் பத்தடி போனதும் மிளகளவு ஜல்லி ஒன்று கீழே விழுந்தது.

அண்ணே, மெக்கானிக்கிடம் அரிசி மூட்டைக் கதையைச் சொன்னீர்களா?

* * *

சொன்னேன். சிரித்தார். 1,900-ஐத் தரவில்லை.