சிங்கிள்ஸ்பீடு பிரேம் செய்யக் குடுக்கறேன், செயின் டென்ஷனுக்கு ஸ்லைடரா, ஈபிபியா, வெறும் ஸ்லாட்டா?

கோத்தகிரி29:

வணக்கம் மக்களே. பெங்களூர்ல ஒரு பில்டர்கிட்ட ஸ்டீல் ஹார்ட்டெயில் பிரேம் ஒண்ணு சொல்லிருக்கேன். 29 இன்ச் வீல், முன்னாடி ரிஜிட் ஃபோர்க், ரெண்டு பக்கமும் டிஸ்க், சிங்கிள்ஸ்பீடு மட்டும்தான், கியர் ஹேங்கரே (கியர் மாத்தற கை மாட்டற இடம்) வேணாம்னுட்டேன். டியூப் அளவெல்லாம் முடிஞ்சு கலர்கூட முடிவாயிருச்சு, இப்ப அவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, செயின் டென்ஷனுக்கு எது வேணும்னு. ஸ்லைடிங் டிராப்அவுட் (பின் ஆக்ஸில் உக்காரற தட்டே முன்ன பின்ன நகரறது, ஸ்லைடர்னு சொல்றது), ராக்கர், எக்சென்ட்ரிக் பாட்டம் பிராக்கெட் (ஈபிபி, பெடல் அச்சு உக்காரற உருளையச் சுத்தி அச்சையே நகத்தறது), இல்ல நம்ம பழைய சைக்கிள் மாதிரி பின்பக்கம் திறந்த ஸ்லாட், நாலும் பண்ணித் தருவாராம். ஸ்லைடரும் ராக்கரும் வெளிநாட்டுல இருந்து வரணும், காசு ஏறும், ஸ்லாட்டுதான் மலிவு.

இப்ப ஓட்டறது கியரக் கழட்டிட்டு ஒத்தப் பல்சக்கரம் போட்ட வண்டி, 32க்கு 20 (முன்னாடி 32 பல்லு, பின்னாடி 20). ஹேங்கர்ல ஸ்பிரிங் டென்ஷனர் தொங்குது. தார் ரோட்டுல ஒரு குறையும் இல்ல, ஆனா கோடநாடு பக்கம் எஸ்டேட் கல்லு ரோட்டுல வேகமா இறங்குனா அந்தக் கை மேலயும் கீழயும் ஆடி செயின் கழண்டுருது. போன தடவ ஒரு வளைவுல குனிஞ்சு செயின மாட்டிட்டு நிமிந்தா டீச்செடிக்கு நடுவுல காட்டெருமை ஒண்ணு நின்னு என்னையே பாத்துட்டு இருக்கு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் இந்த ஸ்பிரிங் சமாச்சாரம் நமக்கு ஆவாதுன்னு.

தொட்டபெட்டா ஏறறதுக்கு 22 பல்லு வேணும், ஊருக்குள்ள 20 போதும், மேட்டுப்பாளையம் இறங்கி சமவெளில சுத்தணும்னா 18. செயின வெட்டி ஒட்டாம மூணையும் மாத்தி மாத்திப் போட முடியுமா? ஐப்பசி மழையில எங்க பக்கம் செம்மண் சேறு எப்படி ஒட்டும்னு தெரியும்ல, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

மே.பாளையம் பெடல்:

கணக்குப் போட்டுப் பாத்துருங்க, பாதி குழப்பம் தீந்துரும். செயின் பிட்ச் அரை இன்ச், அதாவது 12.7 எம்எம். பின்னாடி ஒரு பல்லு கூட்டுனா ஆக்ஸில் சுமாரா 3.2 எம்எம் முன்னாடி வரணும், ஒரு பல்லு குறைச்சா அதே அளவு பின்னாடி போகணும். உங்க 32க்கு 20ல 94 லிங்க் போட்டா செயின்ஸ்டே, அதாவது பெடல் அச்சுல இருந்து பின் ஆக்ஸில் வரைக்கும் போற பைப்போட நீளம், 431 எம்எம் கிட்ட வருது. அதே 94 லிங்க்ல 22 மாட்டுனா 425, 18 மாட்டுனா 437. இதுக்கு மேல செயின் தேஞ்சு நீளறது வேற இருக்குதுங்க, அரை சதவீதம் நீண்டாலே மொத்தத்துல 6 எம்எம், ஆக்ஸிலுக்கு 3 எம்எம். ஆக உங்களுக்கு 425ல இருந்து 440 வரைக்கும், 15 எம்எம் ஓட்டம் வேணும். எந்த சிஸ்டம் வாங்கினாலும் மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான், அழகு, எடை எல்லாம் அப்புறம்.

நான் ஸ்லைடர்தான் சொல்லுவேன். பாரகான் மெஷின் ஒர்க்ஸ் மாதிரி ஆளுங்க விக்கறதுல டிஸ்க் கேலிப்பர் மவுண்ட் ஸ்லைடர் தட்டுலயே இருக்கும், ஆக்ஸில் நகந்தா கேலிப்பரும் கூடவே நகரும், பிரேக்க திரும்ப சரி பண்ற வேலையே இல்ல. பஞ்சரானா வீல் நேரா கீழ எறங்கிரும், டென்ஷன் வச்சது வச்சபடி இருக்கும். மழையில கை வெறச்சுப் போயி, கால்ல அட்டை ஏறிட்டு இருக்கறப்ப இதோட அருமை தெரியும்ங்க. ஒரே தொல்லை அந்தப் போல்ட்டுங்க, ஒரு பக்கத்துக்கு ரெண்டு, லூசாச்சுன்னா கிறீச் கிறீச்சுன்னு ஏத்தத்துல உயிர வாங்கிரும். கிரீஸ் தடவி டார்க் ரெஞ்ச்ல முறுக்கி, மொத ரெண்டு ரைடு முடிஞ்சதும் மறுபடி ஒருக்கா முறுக்கிப்போடுங்க, அதுக்கப்புறம் வாயே தெறக்காது.

ஃபிங்கர்போஸ்ட் பழைய ஆளு:

தம்பி, ஈபிபிய எல்லாரும் சத்தம் போடும்னு ஒதுக்கிடறாங்க, அது பாதிதான் நெஜம். ஈபிபில மூணு ஜாதி இருக்கு, எந்த ஜாதின்னு கேக்காம நல்லது கெட்டது பேசக்கூடாது. ஷெல்லுக்கு (உருளை உக்காரற பிரேம் குழாய்) அடியில ஸ்குரூ வச்சு முட்டுக்குடுக்கறது ஒண்ணு. அந்த ஸ்குரூ முனை அலுமினிய உருளையில குழி போட்டுரும், அடுத்த தடவ ரெண்டு எம்எம் தள்ளி வைக்கலாம்னு பாத்தா வழுக்கி பழைய குழிக்கே போயிரும், இது வேணவே வேணாம். ரெண்டாவது ஷெல்ல கீறி விட்டு போல்ட்டால இறுக்கறது, இது பரவால்ல, ஆனா கீறல் வழியா தண்ணியும் சேறும் உள்ள போகும். மூணாவது உருளையே உள்ள இருந்து விரிஞ்சு ஷெல்லப் புடிக்கறது, புஷ்னெல் மாதிரி. ஈபிபி போட்டா இதத்தான் போடணும்.

நல்லது என்னன்னா பின்பக்கம் சாதாரண டிராப்அவுட்டு, ஆக்ஸிலும் பிரேக்கும் எடத்த விட்டு அசையவே அசையாது, நகரற உருப்படி மொத்தமும் நடுவுல ஒரு எடத்துல. கெட்டது என்னன்னா டென்ஷன் மாத்தறப்ப பெடல் எடமும் மாறும், சீட் உயரம் மறுபடி பாக்கணும். ஒரே டென்ஷன் ரெண்டு எடத்துல கிடைக்கும், உருளைய மேல பாக்க வைக்கலாம் கீழ பாக்க வைக்கலாம். கல்லு ரோட்டுல பெடல் இடிக்கக்கூடாதுன்னா மேல பாக்க வச்சிக்க.

ஆனா பெடல் தம்பி போட்ட கணக்குப்படி உனக்கு 15 எம்எம் வேணும்னா சாதாரண ஈபிபி பத்தாது. 54 எம்எம் ஷெல்லுக்குள்ள நடு ஓட்டை ஆறேழு எம்எம்தான் தள்ளி இருக்கும், மொத்தத்துல 12, 13 எம்எம் வந்தா பெருசு. 20ம் 22ம் மட்டும் வச்சிக்கறேன்னா ஈபிபி தாராளம். 18ம் வேணும்னா இல்ல.

இன்னொரு விஷயம், ஈபிபி உருளை கெட்டுப்போனா கோயமுத்தூர் கணபதி பக்கம் நல்ல லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கிரலாம். மரை 1.37 இன்ச், 24 டிபிஐ (இன்ச்சுக்கு 24 மரை), வலது பக்கத்துக்கு இடது மரைன்னு எழுதியே குடுத்துடணும், வாயால சொன்னா ரெண்டு பக்கமும் ஒரே மரையப் போட்டு வச்சிருப்பாங்க. ஸ்லைடர் தட்டுக்கு அந்த வசதி இல்ல, டிராப்அவுட்டு செஞ்சவன்கிட்டயேதான் போய் நிக்கணும். அதனால ஸ்லைடர் வாங்கறதா இருந்தா இப்பவே ஒரு செட்டு போல்ட்டு சேத்து வரவழைச்சிரு.

மன்னவனூர் மிதி:

அண்ணே நீங்க எல்லாரும் ரொம்ப யோசிக்கிறீக. எங்க கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பூம்பாறைல இருந்து மன்னவனூர் வரைக்கும் நான் ஓட்டுறது வெறும் ஸ்லாட்டு பிரேம்தேன். ரெண்டு பக்கமும் செயின் டக் (ஆக்ஸில பின்னாடி இழுத்துப் புடிக்கிற ஸ்குரூ), 10 எம்எம் ஆக்ஸில், 15ம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு பையில. பால்காரர் சைக்கிள்ல என்ன இருக்கோ அதேதேன், எந்த ஊரு சைக்கிள் கடைக்காரருக்கும் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல. செயினும் அந்த 1/8 சைஸு செயினே போதும், வத்தலக்குண்டுல இறங்குனா எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஓட்டமும் ஸ்லைடரவிட நீளமா வச்சுக்கிறலாம், பில்டர்கிட்ட 25 எம்எம் ஸ்லாட்டு வெட்டச் சொன்னா வெட்டிக் குடுத்துட்டுப் போறாரு. சர்லி கம்பெனி டக்நட்டுன்னு ஒண்ணு விக்கிறான், செயின் டக்கும் அதே, சோடா பாட்டில் மூடி திறக்குறதும் அதே, அதுக்காகவே வாங்கலாம்.

குயிக் ரிலீஸ் (நட்டுக்குப் பதிலா லீவர் வச்சு இறுக்குறது) மட்டும் இதுல போட்டுறாதீக. எந்திரிச்சு நின்னு மிதிச்சா வலது பக்கம் ஆக்ஸில் முன்னாடி இழுபட்டு டயர் செயின்ஸ்டேல உரசும்.

கோத்தகிரி29:

மிதி அண்ணா, ஸ்லாட்டுல டிஸ்க் பிரேக் எப்படி சமாளிக்கறீங்க? ஆக்ஸில் 15 எம்எம் நகந்தா கேலிப்பர் அங்கயே நிக்கும்ல? பில்டர் வேற 12 எம்எம் த்ரூ ஆக்ஸில் (பிரேமுக்குள்ள நுழைஞ்சு ஹப் வழியா போற தடி ஆக்ஸில்) போட்டுக்கோங்கன்னு சொல்றார். அப்புறம் ராக்கர் பத்தி யாரும் பேசவே இல்லயே.

மன்னவனூர் மிதி:

எனக்கு பின்னாடி ரிம் பிரேக்குண்ணே, வி பிரேக்கு. அதுக்கே பல்லு மாத்துனா பேடு இடம் மாத்தணும். டிஸ்க்குன்னா நீங்க சொல்றது சரிதேன், கேலிப்பர் மவுண்ட்டும் நீளத்துளை வச்சதா இருக்கணும், வீல் கழட்டுறப்ப பல பிரேம்ல கேலிப்பர் போல்ட்டயும் தளத்த வேண்டிவரும். டிஸ்க்கு கட்டாயம்னா நானே ஸ்லாட்டு வேணாம்னுதேன் சொல்லுவேன்.

மே.பாளையம் பெடல்:

ராக்கர்ங்கறது ஸ்லைடருக்குத் தம்பிதான். தட்டு ஒரு போல்ட்டுல சுழலும், இன்னொரு போல்ட்டு வளைஞ்ச ஸ்லாட்டுல ஓடும். பாக்க அடக்கமா இருக்கும், பிரேக்கும் கூடவே சுத்தும். ஓட்டம் எத்தனைன்னு மட்டும் கேட்டுக்குங்க, வட்டத்துல சுத்தறதால ஆக்ஸில் கொஞ்சம் மேல கீழயும் போகும். 12 எம்எம் த்ரூ ஆக்ஸிலுக்கு ஸ்லைடர், ராக்கர் ரெண்டுலயும் தட்டு கிடைக்குது, ஸ்லாட்டுலதான் அது சரிப்படாது. ஹப் அகலம் 142 எம்எம்மா 148ஆன்னு இப்பவே முடிவு பண்ணிச் சொல்லிருங்க, பிரேம் வெல்ட் ஆனப்புறம் மாத்த முடியாது.

பில்டர் செயினுக்குப் பதிலா பெல்ட் போடறது பத்தியும் பேசுவாரு பாருங்க, பேசுனா சிரிச்சிட்டே வேணாம்னு சொல்லிருங்க. பெல்ட்ட செயின் மாதிரி கழட்டி மாட்ட முடியாது, அதுக்காக பின் முக்கோணத்துல பிரேமையே பிரிக்கற மாதிரி மூட்டு வைக்கணும். மூணு பல்சக்கரம் மாத்தற ஆளுக்கு அது ஒத்தே வராது.

எதப் போட்டாலும் டென்ஷன் வைக்கற முறை ஒண்ணுதானுங்க. கிராங்க மெதுவா ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, செயின் ஒரு எடத்துல விண்ணுனு இருக்கும் ஒரு எடத்துல தொங்கும், செயின்ரிங் எதுவுமே முழு வட்டமா நடுவுல உக்காராது. செயின்ரிங் போல்ட்ட லேசா தளத்தி, டைட்டா இருக்கற எடத்துல செயின ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால மெல்லத் தட்டுனா ரிங் ஒரு முடி நகரும். மறுபடி சுத்தி, மறுபடி தட்டி, சுத்து முழுக்க ஒரே மாதிரி வந்ததும் இறுக்கிருங்க. அப்புறமா ஆக்ஸில நகத்தி, இருக்கறதுலயே டைட்டான எடத்துல நடுச்செயின விரலால அமுக்குனா அரை இன்ச் மேல கீழ ஆடணும். அதவிட டைட்டா வச்சா பாட்டம் பிராக்கெட் பேரிங்கும் ஹப் பேரிங்கும் அழும், பெடல் சுத்தறப்பவே காலுக்குத் தெரியும். லூசா வச்சா காட்டெருமை மறுபடி வந்து நிக்கும்.

ஃபிங்கர்போஸ்ட் பழைய ஆளு:

அப்ப ஸ்லைடர்தான் தம்பி, 18, 20, 22 மூணும் வேணும், டிஸ்க்கும் வேணும்னா வேற பேச்சே இல்ல. 440ல ஆக்ஸில் நிக்கறப்பவும் 425ல நிக்கறப்பவும் டயருக்கும் செயின்ஸ்டேக்கும் எத்தன இடம் இருக்குன்னு ரெண்டையும் பில்டர்கிட்ட தனித்தனியா கேளு. 22 போட்டு வீல் முன்னாடி வந்தப்புறம் டயர் பக்கத்துல போதுமான இடம் இல்லேன்னா உங்க ஊரு சேறு அங்க அடைச்சு வண்டி நின்னுரும். 425லயும் ஒரு பக்கத்துக்கு ஆறேழு எம்எம்மாவது இடம் இல்லேன்னா அந்தச் சேத்துல வீலே சுத்தாது. பழைய வண்டிய வித்துறாத, ஸ்பிரிங் டென்ஷனர கீழ இருந்து மேல தள்ளற மாதிரி திருப்பி மாட்டிப் பாரு, சர்லியோட சிங்கிளேட்டர் டென்ஷனர் மாதிரி சிலதுல ரெண்டு பக்கத்துக்கும் ஸ்பிரிங் குடுத்திருப்பான். பல்லச் சுத்தி செயின் கூடுதலாப் புடிக்கும், பிரேம் வர்ற வரைக்கும் ஓடும்.

கோத்தகிரி29:

சரிண்ணா, ஸ்லைடர், 148, ஒரு செட்டு போல்ட்டு எக்ஸ்ட்ரா. இன்னிக்கே பில்டருக்கு போன் போடறேன், டயர் இடைவெளி ரெண்டு எடத்துலயும் எத்தனன்னு கேட்டு நம்பர இங்கயே போடறேன், 29க்கு 2.4 டயர் வச்சு சொல்றாரா 2.2 வச்சு சொல்றாரான்னும் கேட்டுக்கறேன்.