கரடுமுரடான ஒரு சிறு மாத்திரை: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் மகள், காலை 9:05
அனைவருக்கும் வணக்கம். பெரிய தாத்தா வகுத்த விதிப்படி, சுருக்கெழுத்தும் பொம்மைப் படங்களும் இல்லாமல் முழு வாக்கியங்களில் எழுதுகிறேன். ஏதேனும் ஓர் இசைத்தொகுப்பு உருவான விதத்தைப் பற்றிக் கல்லூரி இதழுக்குக் கட்டுரை தர வேண்டும். அத்தை வீட்டு அலமாரியில் இருக்கும் அலனிஸ் மாரிசெட்டின் ‘ஜாகிட் லிட்டில் பில்’ கேசட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ‘காதலனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கோபம் உலகை வென்றது’ என்று முதல் வரியையும் எழுதிவிட்டேன். சரியாக இருக்கிறதா, அத்தை?

நான், காலை 9:31
அந்த வரியை அடித்துவிடு, கண்ணு. 1995 ஜூன் 13 அன்று அந்தத் தொகுப்பு வெளிவந்ததிலிருந்து எல்லோரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். நீயும் அதை ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்? அலனிஸ் எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவர் அல்லர். கனடாவின் ஒட்டாவா நகரில் 1974இல் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே தொலைக்காட்சியில் நடித்து, 1991இலும் 1992இலும் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டவர். இரண்டும் ஆடுவதற்கேற்ற துள்ளல் பாப் இசை. முதலாவது கனடாவில் நன்றாக விற்றது. நம்பிக்கையூட்டும் புதிய பாடகிக்கான ஜூனோ விருதும், அதாவது கனடாவின் இசை விருதும், கிடைத்தது. இரண்டாவது அந்த அளவுக்கு எடுபடவில்லை, நிறுவனமும் கைகழுவிவிட்டது. ஆக, இருபது வயது நிரம்புவதற்குள் புகழின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துவிட்ட ஒருவர் செய்த தொகுப்பு இது. உன் கட்டுரையை அந்த இடத்திலிருந்து தொடங்கிப் பார்.

அண்ணன் மகள், காலை 9:38
அப்படியானால் துள்ளல் இசை பாடிக்கொண்டிருந்தவருக்கு இந்தக் குரல் எப்படி வந்தது? முதல் இரண்டு தொகுப்புகளைக் கேட்டால் வேறொருவர் பாடுவதுபோல் இருக்கிறதே.

மாமா, காலை 10:02
இதற்குப் பதில் சொல்லும் உரிமையை முப்பத்தைந்து ஆண்டுகள் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் எடுத்துக்கொள்கிறேன், பாப்பா. குரல் மாறியதற்கு முக்கியக் காரணம், அதைப் பதிவு செய்த முறை மாறியதுதான். 1994இன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் கிளென் பல்லார்ட் என்ற பாடலாசிரியர், தயாரிப்பாளரை அலனிஸ் சந்தித்தார். அவருக்கு வயது பத்தொன்பது, பல்லார்டுக்கு நாற்பது. மைக்கேல் ஜாக்சன் பாடிய ‘மேன் இன் த மிரர்’ பாட்டைச் சீடா காரெட்டுடன் சேர்ந்து எழுதியவர் இந்தப் பல்லார்ட். அப்பழுக்கில்லாத, மெருகேற்றிய பாப் இசைக்குப் பெயர் போனவர். இருவரும் சந்தித்த நாளிலேயே பாட்டு எழுத உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பிறகு பல்லார்டின் வீட்டிலேயே இருந்த சிறு கூடத்தில், நாளைக்கு ஒரு பாட்டு என்பது எழுதப்படாத கணக்காக அமைந்தது. பகலில் மெட்டும் சொற்களும் ஒன்றாகவே பிறக்கும். பல்லார்ட் கிதாரும் கீபோர்டும் வாசித்து, தாளத்துக்குத் தாளப்பெட்டியை ஓடவிட்டு ஒரு வரைவு செய்வார். இரவில், களைத்துப்போன நிலையில், அலனிஸ் அதை ஒரு முறையோ இரு முறையோ பாடுவார். அவ்வளவுதான். பின்னாளில் டிரம்ஸ், பேஸ், ஆர்கன் என்று மற்றவர்கள் வந்து வாசித்தார்கள். ஆனால் குரலை மட்டும் மறுபடி பதிவு செய்யவில்லை. மாதிரிக்கென்று பாடிய அந்த இரவுக் குரல்தான் தொகுப்பில் இருக்கிறது.

பெரியப்பா, காலை 10:20
மைத்துனரே, ஓர் ஐயம். பிழை திருத்தாத கைப்பிரதியை அச்சுக்கு அனுப்புவதை நான் மாணவர்களிடம் ஒருநாளும் அனுமதித்ததில்லை. அதை இசையில் மட்டும் எப்படிச் சிறப்பு என்று சொல்கிறீர்கள்?

மாமா, காலை 10:41
நியாயமான கேள்வி, பெரிய அத்தான். எங்கள் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. பாடகர் முதல் முறை பாடும்போது அந்தச் சொல் அவருக்கே புதிது. பத்தாவது முறை பாடும்போது சுருதி சுத்தமாகிவிடும், சொல் செத்துவிடும். எந்த முறையை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதுதான் தயாரிப்பாளரின் வேலை. பல்லார்டைப்போல் மெருகேற்றத் தெரிந்த ஒருவர் மெருகேற்றாமல் விட்டார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பாடகியின் கோபத்தைப் பற்றி எழுதியவர்கள், இந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார்கள்.

‘யூ ஆட்டா நோ’ பாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழுவின் ஃப்ளீ பேஸ் கிதார் வாசித்தார், டேவ் நவாரோ கிதார் வாசித்தார். வழக்கமாக இசைக்குமேல் குரலை வைப்போம். இங்கே முன்பே பதிவாகியிருந்த குரல் அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பொருந்துமாறு அடியில் இசையை அவர்கள் புதிதாகக் கட்டினார்கள். கூரையை முதலில் நிறுத்திவிட்டுச் சுவர் எழுப்புவதைப் போன்ற வேலை அது. பாட்டின் பின்பகுதியில் பேஸ் குரலோடு சண்டை போடுவதுபோல் கேட்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணன் மகள், காலை 10:50
இதைக் கேட்டவுடன் எந்த நிறுவனமும் அள்ளிக்கொண்டு போயிருக்குமே?

நான், காலை 11:04
போகவில்லை. பல நிறுவனங்கள் வேண்டாம் என்றன. கடைசியில் மடோனா நடத்திய மாவரிக் நிறுவனத்தில், அப்போது இருபத்திரண்டு வயதைத் தாண்டாத கை ஓசியரி என்ற இளைஞர் கேட்டு, பிடித்துப்போய் ஒப்பந்தம் செய்ய வைத்தார். அப்போதும் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அமெரிக்க வானொலியில் பெண் பாடகரின் பாட்டு ஒன்றை ஒலிபரப்பினால், அதையடுத்து இன்னொரு பெண்ணின் பாட்டைப் போடத் தயங்கும் வழக்கம் இருந்த காலம் அது. லாஸ் ஏஞ்சலிஸின் கே.ஆர்.ஓ.கியூ. நிலையம் ‘யூ ஆட்டா நோ’வை எடுத்து ஒலிபரப்பத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் நூறாவது இடத்துக்கும் கீழே நுழைந்த தொகுப்பு, அக்டோபரில் முதலிடத்துக்கு வந்து, இடையிடையே இறங்கி ஏறி மொத்தம் 12 வாரங்கள் அங்கே இருந்தது. உலகெங்கும் இதுவரை 3 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. 1996 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு உட்பட நான்கு கிராமி விருதுகள் கிடைத்தன. அந்தப் பெரிய விருதை மிக இளம் வயதில், 21இல், பெற்றவர் என்ற சிறப்பு 2010இல் டெய்லர் ஸ்விஃப்ட் பெறும்வரை அலனிஸிடமே இருந்தது.

எண்களை ஓரிரு வரிகளில் முடித்துவிடு. வரவேற்பில் கவனிக்க வேண்டியது வேறு. 1995 நவம்பரில் ரோலிங் ஸ்டோன் இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டு, ‘கோபக்கார வெள்ளைப் பெண்’ என்று பொருள்படத் தலைப்பிட்டது. நீ எழுதிய முதல் வரிக்கு ஊற்று அதுதான். தொகுப்பைத் தொடக்கத்திலிருந்து கேள்: சீறும் பாட்டு என்று சொல்லத்தக்கவை இரண்டு, மூன்று மட்டுமே. ‘ரைட் த்ரூ யூ’ தன்னைச் சரக்காகப் பார்த்த இசைத்தொழில் மனிதர் ஒருவரை நோக்கிப் பாடியது, அதில் காதலே இல்லை. ‘ஃபர்கிவன்’ கத்தோலிக்க வளர்ப்பைப் பற்றியது. ‘ஹெட் ஓவர் ஃபீட்’ நல்லவன் ஒருவனை விரும்பத் தொடங்கிவிட்ட வியப்பு. தொகுப்பின் பெயரும் ‘யூ லேர்ன்’ என்ற பாட்டின் ஒரு வரியிலிருந்து வந்தது: விளிம்பு கரடாக இருக்கும் சிறு மாத்திரை, தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கினாலும் உள்ளே போய் வேலை செய்யும். கோபத்தைவிட அது ஒருவகை மருத்துவக் குறிப்பு என்றுதான் சொல்வேன்.

அண்ணி, காலை 11:15
சமைத்துக்கொண்டே படித்தேன். இதில் ‘பெர்ஃபெக்ட்’ என்றொரு பாட்டு இருக்கிறதாமே, அது எதைப் பற்றியது என்று உன் மருமகள் என்னிடம் சொல்ல மறுக்கிறாள்.

நான், காலை 11:19
முதல் மதிப்பெண் வாங்கினால்தான் அன்பு செலுத்துவோம் என்று பிள்ளையிடம் பேசும் பெற்றோரின் குரலில் பாடிய பாட்டு, அண்ணி. ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். மெல்லத் தொடங்கும், கடைசியில் குரல் உடையும்.

அண்ணி, காலை 11:22
புரிந்தது. நானும் கேட்கிறேன். ஆனால் பருவத் தேர்வு முடிந்த பிறகு கேட்கிறேன்.

பெரியப்பா, மதியம் 12:10
நானும் ஒரு பாட்டைக் கேட்டேன். ‘அயர்னிக்’, அதாவது ‘முரண்நகையானது’, என்ற பாட்டில் சொல்லப்படும் எவையும் முரண்நகை அல்ல, வெறும் கெட்ட நேரம்தான் என்று ஆங்கில ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகக் கேலி செய்து வருகிறார்களாம். எனக்கு அந்தத் தீர்ப்பு பாதிதான் சரியாகப் படுகிறது. திருமணத்தன்று மழை பெய்வது முரண்நகை இல்லை. நம் ஊரில் அதற்குத் தேங்காய் திருடித் தின்றவள் என்று மணப்பெண்ணைக் கிண்டல் செய்வதோடு சரி. ஆனால் வாழ்நாளெல்லாம் விமானத்துக்கு அஞ்சிய ஒருவன், ஒருவழியாகத் துணிந்து ஏறும்போது அந்த விமானமே விழுவது அப்படிப்பட்டதன்று. அச்சம் அவனைக் காத்து வந்தது, துணிவு கொன்றது. புதுவாழ்வு தொடங்க முதலாகும் என்று நம்பிக் கோவலன் எடுத்துச் சென்ற சிலம்பே அவன் உயிரை வாங்கியதை வகுப்பில் நாற்பது ஆண்டுகள் விளக்கியவன் நான். அதே வகைதான் இது. பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒரே பகலில் எழுதிய பாட்டில் ஓர் எடுத்துக்காட்டாவது தேறுகிறது என்றால், நான் தேர்ச்சி போடுவேன்.

அண்ணன் மகள், மதியம் 12:18
பெரிய தாத்தா, இதை உங்கள் பெயரோடு கட்டுரையில் சேர்க்கலாமா? அலனிஸே பின்னாளில் அந்தக் கேலியை ஏற்றுக்கொண்டு, 2015இல் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டின் சொற்களை மாற்றி வேடிக்கையாகப் பாடியிருக்கிறார்.

பெரியப்பா, மதியம் 12:21
பெயர் வேண்டாம், அம்மா. ‘ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்’ என்று போட்டுக்கொள்.

நான், மதியம் 12:45
‘ஒரே பகலில்’ என்று பெரியப்பா சொன்னது நல்ல குறிப்பு. யோசித்து யோசித்து எழுதியிருந்தால் அந்தப் பாட்டில் இலக்கணப் பிழை இருந்திருக்காது, பாட்டும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மாமா சொன்ன குரல் விஷயமும் இதுவும் ஒன்றுதான். அன்றைய பதிவு அன்றைக்கே முடிந்தது. பிறகு யாரும் அதைக் கிளறவில்லை. இதை உன் கட்டுரைக்கு அச்சாணியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சேர். வெற்றிக்குப் பிறகு அவர் ஒன்றரை ஆண்டு ஊர் ஊராகப் பாடினார். அந்தப் பயணத்தில் டிரம்ஸ் வாசித்த டெய்லர் ஹாக்கின்ஸ் பிறகு ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்து பெரும் புகழ் பெற்று 2022இல் மறைந்தார். பயணம் முடிந்ததும் அலனிஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தாயாருடனும் அத்தைமாருடனும் தோழியருடனும் இந்தியாவுக்கு வந்தார். 1998இல் வெளிவந்த அடுத்த தொகுப்பின் ‘தேங்க் யூ’ பாட்டில் அவர் நன்றி சொல்லும் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றும், முந்தையதன் அருகில் கூட வரவில்லை. பதினேழு பாடல்கள், நீண்ட வரிகள், பொறுமையைச் சோதிக்கும் அமைப்பு. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் அந்த வழக்கை இன்றைக்கு எடுக்க வேண்டாம்.

மாமா, மாலை 4:30
மதியத் தூக்கத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. பாப்பா, அந்தத் தொகுப்பின் குறுந்தட்டில் கடைசிப் பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதே. ‘யூ ஆட்டா நோ’ மறுபடி வேறு கலவையில் வரும். அது ஓய்ந்து, சற்று நேரம் அமைதி நிலவிய பின், உறையில் பெயர் போடாத ஒரு பாட்டு தொடங்கும். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, வெறும் குரல் மட்டும். காதலன் இல்லாத நேரத்தில் அவன் வீட்டுக்குள் நுழைந்து, அவன் பொருள்களுக்கிடையே நடந்து, கடைசியில் வேறொரு பெண் எழுதிய கடிதத்தைக் காணும் ஒருத்தியின் கதை. ஒலிப்பதிவு என்றால் என்னவென்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். காதொலிப்பானில் கேள், விளக்கை அணைத்துவிட்டுக் கேள்.

அண்ணன் மகள், இரவு 10:52
கேட்டேன், மாமா தாத்தா. நடுவில் அவர் மூச்சு இழுப்பது கேட்டபோது, அறையில் வேறு யாரோ இருப்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன். முதல் வரியை அடித்துவிட்டேன், அத்தை. புதிய வரி இன்னும் வரவில்லை. நாளை மாலைதான் கெடு.

அண்ணி, இரவு 10:55
விளக்கை ஏன் அணைத்து வைத்திருக்கிறாய் என்று அப்பா கேட்கிறார். படுத்துத் தூங்கு.